ஓப்பனர் வீட்டுக்கு வந்த மைசூர்பாகு

ஒருவரிடம் போய், ‘நீங்கள் ஆடியது போதும்’ என்று சொல்லச் சரியான நேரம் எது?

காலை டிபனுக்கு முன்பா, பின்பா? அவர் சந்தோஷமாக இருக்கும்போதா? இல்லை, ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கிறாரே, இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றா? இந்தக் கேள்வியோடுதான் சில நாட்களாகச் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், பாப்பாவுக்குத் தலை வாருகிறேன். பதில் கிடைத்தபாடில்லை. போன வெள்ளிக்கிழமை இரண்டு பின்னலில் ஒன்றை மட்டும் பின்னி, இன்னொரு பக்கத்தை அப்படியே விட்டு, பிள்ளையை யூ.கே.ஜி. வேனில் ஏற்றிவிட்டேன். என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆட்டக்காரர்கள் விஷயத்தில் நாடே இந்தக் கேள்வியைக் கேட்கிறது. டி.வி.யில் கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து, “அவர் எப்போது ஓய்வு பெற வேண்டும்?” என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நானும் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். எனக்கென்ன வந்தது? அவர்களிடம் சொல்ல செலக்டர்கள் இருக்கிறார்கள், கோச் இருக்கிறார், ஒன்றுமில்லாவிட்டால் சோஷியல் மீடியா இருக்கிறது.

எங்கள் நூம்பல் ஏரியா ‘வானவில் லெவன்’ டீமின் ஓப்பனிங் பேட்ஸ்மேனிடம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நான் இருக்கிறேனாம்!

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஓப்பனர் என் கணவர், தனசேகர். பாடியில் ஒரு ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். நாற்பதைத் தாண்டியாயிற்று. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போவதே ஏழாவது நாள் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுவதற்காகத்தான் என்று நம்புகிறவர். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கும் தேதியைக்கூட டோர்னமென்ட் இல்லாத ஞாயிறாகப் பார்த்துத்தான் வைத்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த சீசனில் அவருடைய பேட்டிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் பிரச்னை.

எங்கள் பக்கத்து டோர்னமென்ட்களில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக அம்பயர் கிடையாது. எந்த டீம் பேட்டிங் செய்கிறதோ, அந்த டீம்தான் அம்பயருக்கும் ஆள் தர வேண்டும். பின்னால் இறங்க வேண்டியவர்கள் முதலில் போய் நிற்பார்கள். யாராவது அவுட் ஆனால், அவர் பேட்டை வைத்துவிட்டு அம்பயராகப் போவார். அங்கே நின்றவர் திரும்பி வந்து தன் முறைக்குக் காத்திருப்பார். இந்த சீசனில் என் கணவர் பேட்டோடு நின்ற நேரத்தைவிட அம்பயராக நின்ற நேரம் அதிகம். தொப்பி வெளுத்ததுதான் மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வியாழக்கிழமை. பாப்பாவை அனுப்பிவிட்டுத் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல். கேப்டன் டில்லியும் விக்கெட் கீப்பர் லோகுவும் நின்றார்கள். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இருவருமே சட்டையை இன் செய்திருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் இன் செய்து வந்தால் விஷயம் பெரிது.

“அண்ணி, அண்ணன் கீறாரா?”

“ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆச்சேப்பா. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் அண்ணி. அதான் வந்தோம்” என்றான் லோகு. டில்லி அவன் காலை மிதித்தான்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். டில்லி கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். வேலப்பன்சாவடி பேக்கரிப் பை. அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். காபி கொடுத்தேன். குடித்து முடித்தார்கள். ஃபேனைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் ஃபேனைப் பார்த்தார்கள்.

“சொல்றா” என்றான் டில்லி.

“நீ சொல்றா. நீதானே கேப்டன்.”

“நீ நல்லா பேசுவேன்னுதானே இட்டாந்தேன்?”

“யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா. துணி ஊறுது” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. உள்ளே? ஆக்சிடென்ட்டா, ஆஸ்பத்திரியா என்று அதற்குள் நான் மனதிலேயே பூந்தமல்லி வரை போய் வந்துவிட்டேன்.

“அண்ணன் மேல எங்களுக்கு எவ்ளோ மரியாதைன்னு உங்களுக்கே தெரியும் அண்ணி...”

மரியாதை என்று ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் என் மேனேஜரும் இப்படித்தான் ஆரம்பித்தார். அடுத்த மாதம் நான் வீட்டில் இருந்தேன்.

“இப்போ கொஞ்ச நாளா... டைமிங்கு...” டில்லி கையால் காற்றில் என்னவோ வரைந்தான்.

“பால் போனப்பறம் பேட் வருது அண்ணி” என்றான் லோகு.

“டேய்!”

“இன்னாடா டேய்? பிராக்டிஸ்ல பின்னாடி நிக்கறது நானு. எனக்குத்தானே தெரியும்? பால் என் கைக்கு வந்துடுது. அப்பறமா பேட்டு வந்து ஹலோ சொல்லுது.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அது உண்மை. மொட்டை மாடியில் துணிக்கொடியில் ஒரு பழைய சாக்ஸைக் கட்டி, அதற்குள் பந்தைப் போட்டு, தினமும் சாயங்காலம் அவர் தட்டிக்கொண்டிருப்பார். கீழே அடுப்படியில் எனக்குக் கேட்கும். டொக்... டொக்... டொக். இப்போதெல்லாம் நடுநடுவே ஒரு டொக் வருவதில்லை. அந்த இடத்தில் என் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும்.

“வெளியே உக்காந்துனு கீறானே விக்கி, அவன் நல்லா ஆடறான் அண்ணி” என்றான் டில்லி, தரையைப் பார்த்தபடி. “அவனும் எத்தினி நாளிக்கு தண்ணி பாட்டிலே தூக்கினு கீறது? அவங்கம்மா வேற எங்களாண்ட கேக்கறாங்கோ.”

இன்னொரு அம்மா! இதை அவன் சொல்லியிருக்க வேண்டாம். அதுவரை என் கணவர் ஒருவர்தான் என் கவலை. இப்போது விக்கியும் சேர்ந்தான்.

“இதை நீங்களே அவர்கிட்ட சொல்லலாமே?”

“அண்ணாத்தே மூஞ்சப் பாத்துகினா?” லோகு எழுந்தே நின்றுவிட்டான். “எனக்கு மொத மொதல்ல கிளவுஸ் வாங்கிக் குடுத்ததே அவருதான் அண்ணி!”

“அவரு போவணும்னு இல்ல” என்றான் டில்லி அவசரமாக. “டீம்லயே இருக்கட்டும். மென்டரு மாரி. இப்பல்லாம் பெரிய டீம்ல அப்பிடித்தான் வெக்கறாங்கோ.”

“ஆடாம இருந்தா போதும்” என்றான் லோகு.

கிளம்பும்போது டில்லி ஸ்வீட் பாக்ஸை என் கையில் கொடுத்தான். இரண்டு கையாலும். என் முகத்தைப் பார்க்கவில்லை. “இது உங்களுக்கு அண்ணி” என்றான்.

எவ்வளவு நல்ல பிள்ளைகள், கெட்ட சேதி சொல்ல வந்தாலும் வெறும் கையோடு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். திறந்தால் மைசூர்பாகு. நெய் ஊறியது. பக்கத்து வீட்டுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். பாப்பாவின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு ஒன்று எடுத்து வைத்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் காபியோடு ஒரு தட்டில் இரண்டு வைத்தேன். கெட்ட விஷயத்தைச் சொல்லும் முன் வாயை இனிப்பாக்குவோமே என்ற யோசனைதான்.

அவர் தட்டைப் பார்த்தார்.

“இது யாரு வாங்கினு வந்தது?”

“டில்லியும் லோகுவும். சும்மா இந்தப் பக்கம் வந்தாங்களாம்.”

“சும்மாவா?”

“ம்.”

“மைசூர்பாவா...”

“ஏங்க, பிடிக்காதா?”

“நல்லாத்தான் கீது” என்றார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு பேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

டொக்... டொக்...

அன்று நான் சொல்லவில்லை. ‘டயர்டாக இருக்கிறார், நாளைக்குச் சொல்லலாம்.’ மறுநாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது? சனிக்கிழமை அவருக்குப் பிடித்த காரக்குழம்பு வைத்தேன். அதை அவர் ரசித்துச் சாப்பிட்டார். ரசித்துச் சாப்பிடுகிறவரிடம் போய் எப்படி? ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை காரணம் கிடைக்கும் என்பதை அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன்.

இதற்கிடையே டி.வி.யில் மறுபடியும் அதே கோட்டு போட்டவர்கள். “உச்சத்தில் இருக்கும்போதே போய்விட வேண்டும்” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சத்தில் இருக்கிறோம் என்பது அங்கே நிற்கும்போது யாருக்குத் தெரியும்? இறங்கிய பிறகல்லவா திரும்பிப் பார்த்து, ‘ஓ, அதுதானா?’ என்கிறோம்? நானும்தான் வேலையில் இருந்தேன். அந்தக் காலத்தில் தினமும் அம்பத்தூர் எஸ்டேட் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே போனேன். அதுதான் என் உச்சம் என்று யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் சிரித்துக்கொண்டாவது போயிருப்பேன்.

எனக்குச் சொல்ல வாய் வராததற்கு வேறு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிரவுண்டுக்கு முதலில் போகிறவர் அவர். பிட்ச்சில் கல் பொறுக்குவார். தண்ணீர் தெளிப்பார். பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார். ஓப்பனர் செய்கிற வேலையா இது? கேட்டால், “நான் நிக்கப் போற எடம், நான் சுத்தம் பண்றேன்” என்பார். எத்தனையோ மேட்ச்சில் அவுட் ஆகித் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது பேட்டைத் தரையில் அடித்ததில்லை. பிட்ச் சரியில்லை, வெயில் கண்ணில் பட்டது, பந்து நனைந்திருந்தது... ம்ஹூம். “அவன் நல்லா போட்டான்” என்பார். அவ்வளவுதான். இப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு காரணமாவது சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டு, அந்தச் சாக்கில் விஷயத்தைச் சொல்லியிருப்பேன்!

ஞாயிறும் வந்துவிட்டது.

வேலப்பன்சாவடி தாண்டி ஒரு பெரிய காலி மனையில் மேட்ச். எதிர் டீம் ஆவடிக்காரர்கள். எட்டு ஓவர் ஆட்டம். ஷாமியானா, ஸ்பீக்கர், மைக் பிடித்த ஒரு கமென்ட்ரிக்காரர். நான் பாப்பாவோடும் என் பையோடும் போய் உட்கார்ந்தேன். பையில் முழங்காலுக்கு நீ கேப், ஸ்பிரே, ஓ.ஆர்.எஸ்., பிளாஸ்டர், பிஸ்கட், குடை. நான் மேட்ச் பார்க்கப் போகிறேனா, மருத்துவ முகாம் நடத்தப் போகிறேனா என்று அவர் கேட்பதுண்டு.

டில்லி ஓடி வந்தான். “அண்ணி... சொல்லிட்டீங்களா?”

“இல்லப்பா. நேரம் சரியா அமையல.”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கவலையா, நிம்மதியா என்று அவனுக்கே தெரியவில்லை. “சரி வுடுங்க. இன்னிக்கு ஒரு நாளு ஆடட்டும். இன்னிக்கும் போயிடுச்சின்னா...” மீதியைச் சொல்லாமல் போய்விட்டான்.

அப்படியென்றால் இன்றுதான். இன்று அடித்தால் தப்பித்தேன். அடிக்காவிட்டால் நான் வாயைத் திறந்தே ஆக வேண்டும். அந்தப் பக்கம் என் கணவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் போல ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு நடந்து போனார்.

“வானவில் லெவனின் சீனியர் மோஸ்ட் பிளேயர், நம்ம தனா அண்ணன் களத்துல எறங்கறாரு! கைதட்டுங்கப்பா! அந்தச் செவப்புச் சட்டை தம்பி, கோட்டு மேல நிக்காத, தள்ளு!”

முதல் பந்து தடுத்தார். இரண்டாவதும் தடுத்தார். மூன்றாவது...

அதை எப்படி எழுதுவது? எனக்கு கிரிக்கெட் இலக்கணம் தெரியாது. முன்கால் போனது, பேட் வந்தது, அவ்வளவுதான். ஓங்கவே இல்லை. பந்து கவர் பக்கம் இரண்டு ஆளுக்கு நடுவில் ஓடி, பிளீச்சிங் பவுடர் கோட்டைத் தாண்டி, நின்றிருந்த டாடா ஏஸ் சக்கரத்தில் போய் முட்டியது. அவர் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, அவர் ஆடுவதைச் சும்மா பார்த்து வைக்கலாமே என்று என் தம்பியோடு கிரவுண்டுக்கு வந்து ஒரு ஓரமாக நின்றேனே, அன்று பார்த்த அதே ஷாட். அன்றுதான் கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னேன்.

ஆவடி டீம் பசங்களே, “ஷாட்டுணா!” என்று கத்தினார்கள். நான் பாப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். “ம்மா, வலிக்குது” என்றாள்.

அடுத்த பந்து கொஞ்சம் வெளியே போனது. அவர் பேட்டை நீட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆவடி கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு குதித்தான். “அவுட்! பேட்டு பட்ச்சி! அம்பயர்!”

அம்பயர் யார்? பேட்டிங் டீம்தானே நிற்க வேண்டும்? ஐந்தாவதாக இறங்க வேண்டிய டில்லிதான் நின்றுகொண்டிருந்தான். அதே டில்லி. என் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து, ஃபேனைப் பார்த்துவிட்டு, என் கணவர் ஆடியது போதும் என்று சொன்ன டில்லி. விரலைத் தூக்கினால் அவன் வேலை முடிந்தது. கேட்டது கிடைத்துவிடும்.

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

“நாட் அவுட்!” என்றார் கமென்ட்ரிக்காரர். “நம்ம டீமு அம்பயர், நம்ம ஆளுக்கு நாட் அவுட்டு! அப்பிடித்தான் மாமே இருக்கணும்... ஆங்? ஏ, இன்னாப்பா... பேட்ஸ்மேன் வராரு? அவருபாட்டுக்கு வராரு? அண்ணே, உனக்கு நாட் அவுட்டுண்ணே!”

என் கணவர் பேட்டை அக்குளில் செருகிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பால் வாங்கப் போகிறவர் மாதிரி. வருகிற வழியில் ஆவடி கீப்பரின் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

பாப்பா என்னைப் பிடித்து இழுத்தாள். “ம்மா, அந்த மாமா போங்கன்னு சொல்லவே இல்லையே. அப்பா ஏன் வர்றாங்க?”

“அவங்களுக்கே தெரிஞ்சிடுச்சுடா” என்றேன். தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறவள் மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவர் பேட்டை வைத்தார். இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்ப நடந்தார், அம்பயராக நிற்க. அவுட் ஆனவர்தானே போக வேண்டும்?

அந்த மேட்ச்சை வானவில் லெவன் ஜெயித்தது. லோகு கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியதில் இரண்டு சிக்ஸர். கத்தல், கூத்து எல்லாம் அடங்கிய பிறகு டில்லி என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. புழுதி என்றான்.

“எனக்குக் கேட்டுச்சு அண்ணி. டிக்குன்னு. நல்லாவே கேட்டுச்சு. ஆனா கை மேல போவல.”

“பரவால்லப்பா.”

“நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க அண்ணி.” இரண்டடி போனான். திரும்பி வந்தான். “இல்ல, சொல்லித்தான் ஆவணும். பாவம் விக்கி... அய்ய, எனக்கு ஒண்ணுமே புரியல அண்ணி. பேஜாரா கீது.”

எனக்கு மட்டும் புரிந்ததா? ஒரு விஷயம்தான் தோன்றிக்கொண்டே இருந்தது. யாரும் விரல் தூக்காமலே, தான் அவுட் என்று தெரிந்து நடந்து வருகிற மனுஷனுக்கு, எப்போது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியாமலா போய்விடும்? அவரிடம் போய் நான் என்ன சொல்வது?

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, அவர் பால்கனியில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாப்பா தூங்கிவிட்டாள். இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏங்க...” என்றேன். “...மோர் வேணுமா?” என்று முடித்தேன்.

அவர் சிரித்தார். ஷூவைக் கீழே வைத்தார்.

“கவி, அந்த மைசூர்பா இன்னும் கீதா?”

“ரெண்டு துண்டு இருக்கு.”

“எடுத்துகினு வா. எப்பிடியும் எனக்கு வந்ததுதானே.”

எடுத்து வந்தேன். அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“எங்க டீம்ல ஒருத்தன் ஊட்டுக்கு, அவன் இல்லாத நேரமாப் பாத்து, பசங்க மைசூர்பா எடுத்துகினு போனா அதுக்கு ஒரே அர்த்தம்தான்.”

நான் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தேன்.

“அத்த ஆரம்பிச்சதே நானுதான். ஏழுமலை அண்ணன்னு எங்க பவுலரு. லெஃப்ட் ஹேண்டு. தோள்பட்டை போயிடுச்சு, விடமாட்டேன்றாரு. நேரா சொன்னா அடிச்சே போட்டுடுவாரு. அப்போ நாந்தான் கேப்டன். இன்னா பண்றது? அர கிலோ மைசூர்பா வாங்கினு போயி அவரு ஊட்டம்மாகிட்ட குடுத்துட்டு, ‘அண்ணி, நீங்க பக்குவமா சொல்லுங்க’ன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டோம். அதுலேர்ந்து அதான் பழக்கம். டில்லி, லோகுக்கெல்லாம் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

வாசகர்களே, நான் என்ன செய்திருக்கிறேன் பாருங்கள். மூன்று நாள் மூடி மூடி வைத்த விஷயத்தை, முதல் நாள் சாயங்காலமே, காபியோடு தட்டில் வைத்து அவரிடம் நீட்டியிருக்கிறேன்! போதாததற்குப் பக்கத்து வீட்டுக்கும் இரண்டு துண்டு. பாப்பாவின் ஸ்நாக்ஸ் டப்பாவில் ஒன்று. என் கணவரின் ரிட்டயர்மென்ட்டை ஊருக்கே விநியோகம் செய்திருக்கிறேன்.

அப்படியென்றால்... அன்று காலை, இதுதான் கடைசி வாய்ப்பு என்று தெரிந்தேதான் அவர் ஆட இறங்கியிருக்கிறார். அந்த ஃபோரை அடித்தபோது தெரியும். டில்லி தலையை ஆட்டியபோதும் தெரியும். சும்மா நின்றிருந்தால் போதும். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்தேதான் நடந்து வந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, “அந்த அண்ணி சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“யாரு, ஏழுமலை ஊட்லயா?” அவர் குலுங்கிச் சிரித்தார். “மைசூர்பாவ மட்டும் சாப்ட்டுட்டு கம்முனு இருந்துட்டாங்கோ! அந்தாளு இன்னும் ரெண்டு வருசம் போட்டாரு. அடி அடின்னு அடிச்சானுங்கோ. அவரால எத்தினி மேட்ச்சு போச்சு! ஆனா ஒரு மேட்ச்சு... குத்தம்பாக்கத்துல... கடசி ஓவரு. ஒத்த ஆளா ஜெயிச்சுக் குடுத்தாரு. இன்னிக்கும் டீக்கடையில அந்த ஒரு ஓவரத்தான் பேசறோம்.”

“அப்போ நீங்க?” என்றேன். ஒருவழியாகக் கேட்டேவிட்டேன். “இன்னிக்கு டில்லி நாட் அவுட்னு சொல்லியும் வந்தீங்களே. இதுல உங்களுக்கே தெரியாதா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

“பால் பேட்ல பட்டா கைக்குத் தெரியும் கவி. டில்லிக்குக் கேக்குதோ இல்லியோ, எனக்குத் தெரியும். ஆனா இது... பட்டுச்சா, படலியான்னே தெரியல. சில நாளு முடிஞ்சி போச்சுன்னு கீது. அப்பறம் இன்னிக்கு அந்த ஃபோரு போச்சே, பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்போ இன்னும் முடியலன்னு கீது.” மீதி ஒரு துண்டு இருந்த டப்பாவை என் பக்கம் தள்ளினார். “அதுக்குத்தானே அம்பயர் வெச்சிக்கறது? மைசூர்பா வந்தது உன்னாண்ட. நீ சொல்லு. சொல்லிட்டேன்னா அன்னிக்கே பேட்ட விக்கிகிட்ட குடுத்துடறேன். ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நீ சொல்ற வரைக்கும் ஆடறேன்.”

பிறகு இன்னொரு ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் குத்தம்பாக்கத்தில் பெரிய டோர்னமென்ட். டில்லி இன்னும் டீமைச் சொல்லவில்லை. என் போனுக்கு மட்டும், ‘அண்ணி?’ என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறான். விக்கியின் அம்மாவை நேற்று ரேஷன் கடையில் பார்த்தேன். நல்ல மாதிரி. சிரித்தார். நான் வரிசையை விட்டே வந்துவிட்டேன்.

மாடியில் சாயங்காலமானால் டொக்... டொக்... அடுத்த டொக் வருமா, வராதா என்று கரண்டியோடு நிற்கிறேன். வந்தால், ‘இன்னும் ஒரு சீசன் ஆடட்டுமே’ என்று இருக்கிறது. வராவிட்டால், நடந்து வர இவ்வளவு அழகாகத் தெரிந்த மனுஷனை, மற்றவர்கள் அனுப்பிவைக்கும் நிலைக்கு விடலாமா என்று இருக்கிறது. இரண்டுமே அன்புதான். இரண்டுமே பயம்தான். எது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பாப்பாவின் சளியிலிருந்து மாமியார் வீட்டுச் சீர் வரை என் குழப்பங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவர்கள் நீங்கள். இதற்கும் எழுதுங்கள். சொல்லட்டுமா? இல்லை, ஏழுமலை வீட்டு அண்ணி மாதிரி கடைசித் துண்டையும் சாப்பிட்டுவிட்டுக் கம்மென்று இருந்துவிடட்டுமா?

நான் பேட்டிங் டீம் அம்பயர். என் தலை ‘நாட் அவுட்’ என்றுதான் ஆடும். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.